குடைக்குக் கீழே ஒரு மஞ்சள் ரோஜா

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். இப்போதும் வரும், ஆனால் எண்பதுகளின் நடுவில், எனக்கு இருபத்தாறு வயசு இருக்கும்போது, அது மூக்கை விட்டு இறங்கவே இறங்காது. கைக்குழந்தையை விழுப்புரத்தில் மாமியாரிடம் விட்டுவிட்டு, தினமும் காலையில் பாசஞ்சர் வண்டியில் அடித்துப் பிடித்து ஏறித் திண்டிவனத்துக்கு வேலைக்கு ஓடுகிறவளுக்கு வேறு எப்படி இருக்கும், சொல்லுங்கள். சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் டைப்பிஸ்ட். குழந்தை முதல் அடி எடுத்து வைத்ததைக்கூட மாமியார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த எரிச்சலை வண்டியில் இடம் பிடிக்கிறவர்களிடமும், டைப் மெஷினிடமும் காட்டிக்கொண்டிருந்தேன்.

வண்டியில் எனக்கு இருந்த ஒரே சுகம் பூக்கட்டுவது. விழுப்புரம் ஸ்டேஷன் வாசலில் உதிரிப்பூ வாங்கி மடியில் கொட்டிக்கொள்வேன். முண்டியம்பாக்கத்தில் ஆரம்பித்தால் மயிலம் வருவதற்குள் ஒரு முழம் கட்டி முடித்துவிடுவேன். எதிரே உட்கார்ந்திருக்கிற பொம்பளைகள் பேச்சை நிறுத்திவிட்டு என் விரலையே பார்ப்பார்கள். அதனால் என் கைப்பையில் மணிபர்ஸ் இருக்கிறதோ இல்லையோ, ஈரத்துணியில் சுற்றிய வாழைநார் எப்போதும் இருக்கும்.

விழுப்புரத்துக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. கேட்டால் "ஃபைல் போயிருக்கும்மா" என்பார்கள். எங்கே போயிருக்கிறது, காசிக்கா என்று கேட்கத் தோன்றும், வாயை அடக்கிக்கொள்வேன். கடைசியில் மாமியார் என் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியரிடம் போனார். குரு பார்வை சரியில்லை, ஒன்பது வியாழக்கிழமை தட்சிணாமூர்த்திக்கு மஞ்சள் பூ சாத்தச் சொல்லுங்கள், வீட்டுக்குத் தூரமான வாரம் கணக்கில் சேராது, மற்றபடி ஒரு வாரம் விட்டாலும் முதலிலிருந்துதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். வியாழக்கிழமையானால் வண்டியை விட்டு இறங்கி நேரே கோயிலுக்குப் போவேன். சின்னச் சிவன் கோயில். சன்னிதியைச் சுற்றி வந்தால் தெற்குச் சுவரில் தட்சிணாமூர்த்தி உட்கார்ந்திருப்பார். குருக்களிடம் பூவைக் கொடுத்துவிட்டு, கும்பிட்டுவிட்டு, பத்து மணிக்குள் ஆபீஸ்.

எங்கள் ஆபீஸுக்கு எதிரே ஒரு பொதுப் பூங்கா இருந்தது. ஊரே அதை பார்க் என்றுதான் சொல்லும். அது எந்த ஆபீஸின் பொறுப்பில் இருந்தது என்பதெல்லாம் இப்போது எதற்கு? இரண்டு சிமெண்டு பெஞ்சு, தண்ணீர் வராத ஒரு நீரூற்று, முப்பது நாற்பது ரோஜாச் செடி. அவ்வளவுதான் பார்க். அந்தச் செடிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு அம்மா. நாற்பது வயசு இருக்கலாம். ஒல்லி. புடவைக்கு மேலே ஆம்பளைச் சட்டை ஒன்று போட்டுக்கொண்டு, எந்நேரமும் கையில் களைக்கொத்தோடு இருப்பாள். பன்னிரண்டு வருஷமாகத் தினக்கூலி. பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள் இருந்தார்கள். புருஷன் இருக்கிறானா, ஓடிப்போனானா என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் களைக்கொத்தைப் பார்ப்பாள், கேட்டவர் பேச்சை மாற்றிவிடுவார்.

பார்க் வாசலில் 'பூக்களைப் பறிக்காதீர்கள்' என்று ஒரு தகரப் போர்டு. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் திண்டிவனத்திலேயே கிடையாது. தானும் பறிக்க மாட்டாள். பூ மலர்ந்து, தளர்ந்து, தானாக இதழ் கொட்டின பிறகு கூட்டி அள்ளுவாளே தவிர, ஒரு பூவைக்கூடக் கிள்ளித் தலையில் வைத்து நான் பார்த்தது இல்லை. "நான் ஒண்ணு பறிச்சா ஊரு ஒம்போது பறிக்கும்" என்பாள்.

அவளுக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. காரணம், ஒரு நாள் மத்தியானம் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த செடியின் மொட்டைச் சும்மா தொட்டுப் பார்த்தேன். தொட்டுத்தான் பார்த்தேன்! அந்தக் கோடியிலிருந்து ஒரு குரல்.

"தே, டைப்பம்மா! கையை எடு!"

"தொடக்கூடவா கூடாது? இது என்ன உங்க அப்பன் வூட்டுச் செடியா?" என்றேன்.

"ஆமா, எங்க அப்பன் வூடுதான். எழுந்து போ."

அன்றிலிருந்து நான் ஆபீஸுக்குள்ளேயே சாப்பிட்டேன். அவள் பக்கம் திரும்புவதே இல்லை.

புரட்டாசி ஆரம்பத்தில் ஒரு நாள் பார்க்கைப் பார்த்தால் பகீரென்றது. எல்லா ரோஜாச் செடியையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளியிருந்தாள். இலை இல்லை, கிளை இல்லை, வெறும் குச்சி குச்சியாக நின்றது. கவாத்து என்று அதற்குப் பெயராம். வருஷத்துக்கு ஒரு தடவை வெட்டிவிட்டால்தான் புதுத் துளிர் அடித்து நன்றாகப் பூக்கும் என்பது செடி வளர்க்கிறவர்களுக்குத் தெரியும். ஆனால் இரண்டே நாளில், பார்க்கை மேற்பார்வை பார்க்கிற பெரிய ஆபீசர் ஜீப்பில் வந்து இறங்கினார். அவருக்குத் தெரியவில்லை.

அவர் போட்ட சத்தம் எங்கள் ஜன்னல் வரைக்கும் கேட்டது. "என்னம்மா இது, சுடுகாடு மாதிரி வச்சிருக்கே? செடியை எல்லாம் கொன்னுட்டியா?"

"கவாத்து பண்ணிக்கிறேங்க ஐயா. நாப்பத்தஞ்சு நாள்ல பூ வந்துடும்ங்க."

"பன்னண்டு வருஷமா இதைத்தான் கத்துக்கிட்டியா? நான் ஐப்பசியில திரும்ப வருவேன். ஒரு பூவாவது செடியில நிக்கணும். இல்லேன்னா உனக்கு இங்க வேலை கிடையாது, சொல்லிட்டேன்."

அவள் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும் இல்லையா? கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. நன்றாக வேண்டும், மொட்டைத் தொட்டதற்கே அந்தக் கத்து கத்தினாளே என்று நினைத்தேன். அற்பம் பிடித்த வயசு.

ஐப்பசி பாதியில் மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டுப் பெய்தால் பரவாயில்லை. நான்கு நாள் சேர்ந்தாற்போல் கொட்டியது. குச்சிகளில் துளிர் வந்து, மொட்டும் வந்துதான் இருந்தது. ஆனால் மலர்வதற்கு முன்னாலேயே மொட்டுகள் தண்ணீரில் ஊறிப் பழுப்பாகிச் சாய்ந்தன. நீரூற்றுக்குப் பக்கத்தில் இருந்த ஒரே ஒரு மஞ்சள் ரோஜா மட்டும் தப்பித்தது. வருஷா வருஷம் மற்றதெல்லாம் கார்த்திகைக்குக் காத்திருக்கும்போது அதுதான் முந்திக்கொண்டு பூக்கும். அந்த வருஷமும் அதில் ஒரு மொட்டு பிழைத்தது. அது எப்படிப் பிழைத்தது என்றால், அந்த அம்மா ஒரு கம்பை நட்டு, கம்பி ஒடிந்த பழைய குடை ஒன்றை விரித்து அதில் கட்டி, மொட்டுக்கு மேலே நிறுத்தியிருந்தாள். அவள் தலையில் கோணிப்பை. பூவுக்குக் குடை. எங்கள் ஆபீஸில் அதைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம்.

நான் சொல்ல வந்தது அந்த வாரத்து வியாழக்கிழமையைப் பற்றி. எனக்கு அது ஒன்பதாவது வியாழக்கிழமை. விழுப்புரம் ஸ்டேஷன் வாசலில் பூக்காரி வெறும் கையோடு உட்கார்ந்திருந்தாள். சாமந்தி எல்லாம் மழையில் அழுகிவிட்டதாம். திண்டிவனத்தில் இறங்கிப் பூக்கடைகளில் ஏறி இறங்கினேன். வெறும் துளசிதான் இருந்தது. பொன்னரளியாவது கிடைக்குமா என்று கோயில் பின்னால் போய்ப் பார்த்தால், பூவெல்லாம் மரத்தடியில் சேற்றோடு சேறாகக் கிடந்தது. எட்டு வாரம் போட்டது வீணா? மறுபடி முதலிலிருந்தா? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பார்க்கைத் தாண்டும்போது, குடைக்குக் கீழே அந்த மஞ்சள் ரோஜா முழுசாக மலர்ந்து நின்றது. என் உள்ளங்கை அகலம் இருக்கும். சுற்றிலும் எல்லாம் சாம்பல் நிறமாக இருக்கிற மழைக்காலையில் அது ஒன்றுதான் மஞ்சள். கேட் திறந்திருந்தது. அந்த அம்மா பின்பக்கம் குனிந்து, அடைத்துக்கொண்ட சாக்கடையைக் குத்திக்கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. விடியற்காலையில் அடுத்தவர் காம்பவுண்டுக்குள் கையை விட்டுப் பூப் பறிக்கிறவரை யாராவது பிடித்துக் கேட்டால், "சாமிக்குங்க" என்பார். அதற்கு மேல் கேள்வி கிடையாது. கேட்டவர்தான் சங்கடப்பட்டுக்கொண்டு உள்ளே போவார். தலையில் வைக்கப் பறித்தால் திருட்டு, சாமிக்குப் பறித்தால் புண்ணியம். சின்ன வயசிலிருந்து நானும் அப்படித்தான் பறித்திருக்கிறேன், எங்கள் தெருவே அப்படித்தான் பறித்தது. அன்றைக்கும் மனசுக்குள் அதையே சொல்லிக்கொண்டேன். சாமிக்குத்தானே. ஆபீசர் இன்றைக்கா வரப் போகிறார்? அதற்குள் இன்னொரு மொட்டு வந்துவிடும். நகத்தால் காம்பைக் கிள்ளினேன். அவசரத்தில் இரண்டு விரற்கடைக் காம்புதான் வந்தது. முள் கீறிவிட்டது. பூவைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று திரும்பக் கோயிலுக்கே நடந்துவிட்டேன்.

குருக்கள் பூவைப் பார்த்துவிட்டு, "அடடா, ரோஜாவா, பேஷ்!" என்றார். கொஞ்சம் சந்தனத்தை எடுத்துச் சாமியின் மார்பில் அப்பி, அதன்மேல் பூவை வைத்து அழுத்தினார். கல்லில் பூ ஒட்டி நிற்பதற்கு அப்படித்தான் செய்வார்கள். கறுப்புக் கல்லில் மஞ்சள் ரோஜா என்னமாய் இருந்தது தெரியுமா! மாற்றல் ஆர்டர் கைக்கு வந்த மாதிரியே இருந்தது எனக்கு.

பதினோரு மணிக்கு எங்கள் ஆபீஸில் தபால் பார்க்கிற அம்மா குடையை உதறிக்கொண்டே உள்ளே வந்தாள்.

"பாவம்மா, அந்தப் பார்க்குக்காரம்மா தலையில அடிச்சிக்கினு அழுவுது. பன்னண்டு மணிக்கு அந்த ஆபீசர் வர்றாராம். காத்தாலதான் தகவல் வந்துச்சாம். இருந்த ஒரே ஒரு பூவையும் எவளோ பறிச்சிக்கினு போயிட்டாளாம். குடை வச்சிக் காப்பாத்தின பூ! அவ கை வெளங்குமா?"

என் கை டைப் மெஷின் மேல் இருந்தது. ஆள்காட்டி விரலில் முள் கீறின கோடு சிவப்பாகத் தெரிந்தது. அடித்துக்கொண்டிருந்த வரியில் நான்கு பிழை. எழுந்து தலைமை எழுத்தரிடம், "சார், தலைவலி, ஒரு மணி நேரம் பர்மிஷன்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா பேயறைஞ்ச மாதிரி இருக்கே, போ போ" என்று அனுப்பிவிட்டார்.

அந்த அம்மா செடிக்குப் பக்கத்தில் ஈரத்தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். குடை இன்னும் நின்றுகொண்டிருந்தது, வெறும் காம்புக்கு மேலே. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான்தான்" என்றேன்.

"என்னா நான்தான்?"

"பூவை நான்தான் பறிச்சேன். சாமிக்குன்னு..."

கத்துவாள், களைக்கொத்தை எடுப்பாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. அந்த வெறும் காம்பைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சின்னக் குரலில், "எனக்கு ரெண்டு பொண்ணுங்கம்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் என்னை நாலு அறை அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. நான் நின்றபடியே அழுதேன்.

"ஒரு பூவாச்சும் நிக்கணும்னு சொன்னாரே அந்த மனுஷன். என் சோத்துல மண்ணைப் போட்டுட்டியே டைப்பம்மா!"

"நானே அவர்கிட்ட சொல்றேன்க்கா. பூ இருந்துது, நான்தான் பறிச்சேன்னு சொல்றேன்." முதல் தடவையாக அவளை அக்கா என்றேன், அதுவாக வாயில் வந்தது.

"அவரு நம்பிட்டாலும்! நான் ஆளு செட் பண்ணிட்டேன்னு சொல்லுவாரு." மூக்கைச் சட்டைக் கையில் துடைத்தாள். திடீரென்று நிமிர்ந்தாள். "பூ எங்க இருக்குது இப்போ?"

"கோயில்ல. சாமி மேல."

"வாடிடுச்சா?"

"இருக்காது. கருவறை ஜில்லுன்னு இருக்கும்... இல்ல, வெளிச்சுவர்தான், அதுவும் ஈரம்தான்."

"போய் எடுத்துக்கினு வா."

"அக்கா, சாமிக்குச் சாத்தினதை எப்படி..."

"சாமிக்கு வேலை போவாது. எனக்குத்தான் போவும். ஜல்தியா போம்மா!"

ஓடினேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சேறெல்லாம் முதுகு வரைக்கும் தெறிக்க, திண்டிவனம் கடைத்தெரு வழியாக ஒரு சர்க்கார் ஊழியர் ஓடின ஓட்டத்தை ஊரே வேடிக்கை பார்த்தது. குருக்கள் நடை சாத்துவதற்குச் சாவியைக் கையில் எடுத்துவிட்டார்.

"சாமி, கொஞ்சம் இருங்க! காலையில நான் குடுத்த பூ... திருப்பி வேணும்."

"என்னது?"

"அது பார்க்குல பறிச்ச பூ, சாமி. கேக்காம பறிச்சேன். அது இல்லேன்னா ஒருத்தங்களுக்கு வேலை போயிடும்."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "திருட்டுப் பூவையா நான் சாத்தினேன்? ஏம்மா, காலம்பறவே சொல்லப்படாதா?" சுற்றிலும் பார்த்தார். "முப்பது வருஷமா மணி அடிக்கறேன். இன்னது குடு சுவாமின்னு கேக்கறவாளைத்தான் பாத்திருக்கேன். குடுத்ததைத் திருப்பிக் குடுன்னு கேக்கற முதல் ஆள் நீதான்." முணுமுணுத்துக்கொண்டே போனவர், பூவை மெல்லப் பெயர்த்து எடுத்துவந்து என் கையில் வைத்தார். "பிரசாதம்னு நெனைச்சுக்கோ. ஓடு."

திரும்பிப் போனபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம். ஒலக்கூர்ப் பக்கம் ரோட்டில் தண்ணீர் நிற்கிறதாம், ஜீப் கொஞ்சம் தாமதமாகும் என்று யாரோ சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மழைக்கு நான் அதுவரைக்கும் நன்றி சொன்னதே இல்லை. பூ லேசாகத் தளர்ந்திருந்தது, ஆனால் கெடவில்லை. அடியில் சந்தனம் அப்பிக் காய்ந்திருந்தது. அக்கா தண்ணீரைத் தொட்டுத் துடைத்தாள். முக்கால்வாசிதான் போயிற்று.

"இதை எப்படி நிக்க வைக்கிறது? கம்பி கட்டினா தெரியுமே!" என்று கையைப் பிசைந்தாள்.

நான் கைப்பையைத் திறந்தேன். ஈரத்துணியில் வாழைநார். "அக்கா, நீங்க கிளையை மட்டும் ஆடாம பிடிங்க. எனக்கு ஒழுங்கா வர்றது இது ஒண்ணுதான்."

கிள்ளின காம்பை, பறித்த கிளையின் நுனியோடு ஒட்டி வைத்து, நாரை இழையாகக் கிழித்து, மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கினேன். முள் இரண்டு இடத்தில் குத்தியது. அக்கா பக்கத்துத் துளிரை வளைத்து முடிச்சை மூடினாள். இரண்டு பேரும் பின்னால் நகர்ந்து நின்று பார்த்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், கிள்ளின எனக்கே தெரியவில்லை. அக்கா குடையையும் கம்பையும் பிடுங்கிப் புதருக்குப் பின்னால் எறிவதற்கும், ஜீப் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது.

நான் அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்து, யாரோ மாதிரி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபீசர் பெரிய கறுப்புக் குடையோடு இறங்கினார். கூடவே நோட்டுப் புத்தகத்தோடு ஒருவர். அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா, பூ எங்கே?"

"அதோ இருக்குதுங்க ஐயா. மத்ததுல மொட்டு வச்சிக்கிது, மழை வுட்டா எல்லாம் வந்துடும்ங்க."

அவர் செடியிடம் போனார். குனிந்தார். மூக்கைப் பூவுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"அட! சந்தன வாசனைன்னா வருது!"

நான் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். அக்கா கண்ணைக்கூட இமைக்கவில்லை. "அது அந்த ரகம்ங்க ஐயா. சந்தன ரோஜாங்க."

"அப்படியா? கேள்விப்பட்டதே இல்லையே." மறுபடி முகர்ந்தார். அவருக்கு ரொம்பப் பிடித்துப் போய்விட்டது. "பிரமாதம்" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினார். பறிப்பதற்கு! அவர் விரல் காம்பில் படப் போகிறது. தொட்டாலே பூ கையோடு வந்துவிடும், நார் பல்லை இளிக்கும். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஐயா! கையை எடுங்க!"

அதே குரல். என்னைப் பார்த்துக் கத்தினாளே, அதே கத்தல். கண்ணைத் திறந்தால் ஆபீசரின் கை அந்தரத்தில் நின்றது. நோட்டுப் புத்தகக்காரர் வாயைப் பிளந்தபடி நின்றார். அக்கா போர்டைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"பூவைப் பறிக்கக் கூடாதுங்க. எழுதியிருக்குது பாருங்க."

"நான்கூடவா?"

"யாருமே கூடாதுங்க ஐயா." ஒரு நொடி என் பக்கம் திரும்பினாள். "சாமிக்குன்னாலும் கூடாதுங்க."

முடிந்தது, இனி பூ இருந்தாலும் வேலை இருக்காது என்றே நினைத்தேன். ஆபீசர் போர்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கையை மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். குடை ஆட ஆடச் சிரித்தார்.

"நாப்பத்தஞ்சு நாள்னு சொன்னே, கணக்கு சரியாத்தான் இருக்கு. நான்தான் அவசரப்பட்டுட்டேன்." நோட்டுப் புத்தகக்காரரிடம் திரும்பினார். "இந்தம்மா இங்கேயே இருக்கட்டும்யா. அடுத்து பர்மனென்ட் பண்ற லிஸ்ட்ல இவங்க பேரைச் சேர்க்கணும், ஞாபகப்படுத்துங்க."

ஜீப் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அக்கா கும்பிட்ட கையை இறக்கவில்லை. திரும்பினதும் தொப்பென்று பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் "அப்பாடா!" என்றேன். அவளும் "அப்பாடா!" என்றாள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு எங்களால் பேச முடியவில்லை. "சந்தன ரோஜாவாம்" என்று நான் ஆரம்பித்தால் அவள் சிரிக்கிறாள், "கையை எடுங்க" என்று அவள் ஆரம்பித்தால் நான் சிரிக்கிறேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அதில் எது சிரிப்பு, எது அழுகை என்று எங்களுக்கே தெரியவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து வேகவைத்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, ஒரு கை எடுத்து என் மடியில் போட்டாள். மழையில் நனைந்துகொண்டே இரண்டு பேரும் உரித்துத் தின்றோம். பர்மிஷன் எடுத்த ஒரு மணி நேரம் எப்போதோ முடிந்துவிட்டிருந்தது.

பூ மறுநாள் காலையில் தலை சாய்ந்துவிட்டது. அக்கா நாரை அவிழ்த்து எடுத்து, கழுவி, மடித்து என்னிடமே கொடுத்தாள். மழை விட்டு ஒரு வாரத்தில், சொன்ன மாதிரியே மற்ற செடிகளும் பூத்துத் தள்ளின. ஆபீசர் தன் வீட்டுக்குச் சந்தன ரோஜாவில் ஒரு பதியன் கேட்டு ஆள் அனுப்பினார். அக்கா மஞ்சள் ரோஜாவில் ஒன்று போட்டுக் கொடுத்துவிட்டாள். அங்கே போய் அது என்ன வாசனை அடித்தது என்று யாரும் வந்து சொல்லவில்லை. தை மாதத்துக்குப் பிறகு அவளுக்கு ஆர்டரும் வந்தது. காகிதத்தை என்னிடம் கொண்டுவந்து, "படி, இன்னொரு தபா படி" என்று மூன்று தடவை படிக்க வைத்தாள்.

எனக்கு மாற்றல் வரவில்லை. "ஒம்போது வாரமும் சரியாப் போட்டியா?" என்று மாமியார் கேட்டுக்கொண்டே இருந்தார். போட்டேன் என்றேன். திருப்பி வாங்கி வந்ததை மட்டும் சொல்லவில்லை. குரு பகவானுக்குக் கோபம் இருந்திருந்தால் நியாயம்தான், என்னைவிடக் கோபக்காரர் ஒருவர் இருக்கட்டுமே என்று விட்டுவிட்டேன். ஆச்சரியம் என்னவென்றால், எனக்கு எரிச்சல் குறைந்திருந்தது. மத்தியானச் சாப்பாடு மறுபடியும் பார்க் பெஞ்சில்தான். என் எலுமிச்சஞ்சாதத்தில் பாதி அவளுக்கு, அவள் கேப்பைக் களியில் பாதி எனக்கு.

அடுத்த வருஷம் ஐப்பசி. வெள்ளிக்கிழமை சாயங்காலம், வண்டிக்கு நேரமாகிவிட்டதென்று ஓட்டமும் நடையுமாக பார்க்கைத் தாண்டிக்கொண்டிருந்தேன். "தே, டைப்பம்மா! நில்லு!" என்றாள் அக்கா. நின்றேன். மஞ்சள் செடியில் அந்த வருஷத்து முதல் பூ அன்றைக்குத்தான் விரிந்திருந்தது. அவள் அதன் முன்னால் போய் நின்றாள். போர்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு, பதின்மூன்று வருஷத்தில் ஒரு பூவைக்கூடப் பறிக்காதவள், காம்பு நீளமாக விட்டு அதை நறுக்கென்று கிள்ளினாள்.

"அக்கா! என்ன பண்றீங்க?"

"திரும்பு" என்றாள். என் பின்னலைப் பிடித்து இழுத்துப் பூவைச் செருகினாள்.

"சாமிக்குக் குடுத்தா நீ திருப்பிப் புடுங்கிக்கினு வந்துடுவே. நீயே வச்சிக்க. போ, வண்டி போயிடப் போவுது."

அன்றைக்கு வண்டியில் ஜன்னலோரத்தில் நல்ல இடம் கிடைத்தது. பூ நசுங்கிவிடும் என்று, விழுப்புரம் வரைக்கும் தலையைச் சாய்க்காமலேயே உட்கார்ந்து வந்தேன்.